சாம்பல் நிறத் தண்ணீர்

இன்னும் ஒன்றரை மணி நேரம் சுற்ற வேண்டும். பன்னிரண்டரைக்குப் போட்டது, மூன்றுக்கு நிறுத்த வேண்டும், இப்போது மணி ஒன்றரை. நிறுத்தினால் மூடியைத் திறக்க வேண்டும், திறந்தால் அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும், நிறுத்தாத வரைக்கும் ஒன்றுமில்லை, சுற்றட்டும். கராஜ் கதவு தரை வரைக்கும் இறங்கி அடைத்திருக்கிறது. டெக்சஸ் வெயில் அந்தத் தகரத்துக்கு வெளியே நின்று மூச்சு விடுவது எனக்கு இங்கே முதுகில் தெரிகிறது. டிரம்முக்குள் என் கணவர் சேர்மராஜ் சுட்டுத் தீர்த்த ஐந்நூறு தோட்டாக்களின் காலிக் கூடுகள், எல்லாம் பித்தளை, சுண்டுவிரல் நுனி அளவு. அவற்றோடு ஒரு டப்பா எஃகு ஊசிகள். ஊசி என்றால் தைக்கிற ஊசி இல்லை, உடைத்துப் போட்ட சேமியா அளவுக்குத் துருப்பிடிக்காத கம்பித் துண்டுகள். முக்கால் டிரம் தண்ணீர், பாத்திரம் கழுவுகிற சோப்பு நான்கு சொட்டு, சிட்ரிக் ஆசிட் கால் ஸ்பூன். ரப்பர் உருளைகளின் மேல் டிரம் புரளப் புரள ஊசிகள் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் புகுந்து கரியைச் சுரண்டிவிட்டு வெளியே வரும், மறுபடி புகும். ஈர மணலை வாளியில் போட்டு யாரோ குலுக்கிக்கொண்டே இருக்கிற சத்தம். இரண்டரை மணி நேரத்தில் நகைக்கடையிலிருந்து வந்த மாதிரி வெளியே வரும். அவர் அவற்றில் மருந்தும் குண்டும் அடைத்து அடுத்த சனிக்கிழமை போட்டியில் மறுபடி சுடுவார், பொறுக்கிக்கொண்டு வருவார், நான் மறுபடி போடுவேன். நான்கு வருடமாக இப்படித்தான். காலையில் அவர் துப்பாக்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் குளியலறைக்குள் போய்ச் சோதனைப் பட்டையைப் பார்த்தேன். இரண்டு கோடு. இரண்டாவது கோடு மங்கலாக இருந்தது, ஆனாலும் கோடுதான், போன வருடமும் மங்கலாகத்தான் இருந்தது. சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே இறங்கி வந்து, வழக்கம் போலக் கூடுகளை அளந்து போட்டு, ஊசியைக் கொட்டி, தண்ணீரை ஊற்றி, சுவிட்சைப் போட்டுவிட்டேன். கை தானாகச் செய்தது. போட்ட பிறகுதான் நினைவு வந்தது, இதைத் திறக்கப் போவதும் நான்தான்.

ஈயம். தமிழில் ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்திருக்கிறார்கள், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் ஈயம், விஷமாவதும் ஈயம், அதனால்தான் வெள்ளீயம் காரீயம் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும், நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன், சிவகாசியில் ஒரு பெண்கள் கல்லூரியில், மூன்று வருடம், இளநிலை வேதியியல். காரீயம் உடம்புக்குள் போனால் அதைச் சுண்ணாம்புச் சத்து என்று உடம்பு ஏமாந்துபோகும், எலும்பில் கொண்டுபோய்ப் பத்திரமாக வைக்கும், வருடக்கணக்காக வைத்திருக்கும், பிறகு கர்ப்பமானால் குழந்தைக்குச் சுண்ணாம்பு வேண்டும் என்று எலும்பைக் கரைக்கும்போது அதையும் சேர்த்து எடுத்துக் கொடுத்துவிடும். இதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். மாணவிகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். தோட்டாவின் அடியில் பொட்டு மாதிரி ஒரு சின்ன மூடி இருக்கிறது, துப்பாக்கியின் சுத்தியல் அதில் அடித்துத்தான் மருந்து பற்றுகிறது, அந்த மூடிக்குள் இருப்பது ஈய உப்பு. சுட்டதும் அது கரியோடு கரியாகக் கூட்டுக்குள் படிகிறது. இங்கே நான் கழுவி எடுப்பது அந்தக் கரியைத்தான். டிரம்மைத் திறந்தால் வருகிற சாம்பல் நிறத் தண்ணீர் வெறும் அழுக்கு இல்லை. இதெல்லாம் தெரியாத ஒருத்தி என்றால் பரவாயில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியும். தெரிந்தும் எங்கே போயிருந்தது அந்த அறிவு? முதல் இரண்டரை வருடம் வெறுங்கையால் கழுவினேன். சமையலறைத் தொட்டியில் கழுவினேன். அரிசி களைகிற சல்லடையில் போட்டு அலசினேன், தெய்வமே, அரிசிச் சல்லடை. எங்கள் சித்தி பட்டாசு ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தாள், சாயங்காலம் வந்தால் முழங்கை வரை வெள்ளி மாதிரி மின்னும், நாங்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் பார்த்தால், "தொடாதீங்க, குளிச்சிட்டு வாரேன்," என்று கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போவாள். ஐந்தாம் வகுப்புகூடப் படிக்காதவள். கையைத் தூக்கிக்கொண்டு போகிற அவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

மணி ஒன்று ஐம்பது. மோட்டார் வார் நழுவுகிற மாதிரி ஒரு கீச்சு, பிறகு சரியாகிவிட்டது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, அதுதான் இதில் மாட்டிக்கொண்டிருப்பதில் மோசம். வந்த புதிதில் நான் கேட்டு வாங்கிய வேலை இது. வேலை பார்க்க அனுமதி இல்லாத விசாவில் வந்தவள், கார் ஓட்டத் தெரியாதவள், காலை எட்டு மணிக்கு அவர் ஆபீசுக்குப் போனால் சாயங்காலம் ஆறு வரைக்கும் இந்த வீட்டின் நான்கு குழாயையும் மூடித் திறந்துகொண்டு இருந்தவள், ஒரு நாள் கராஜுக்குள் எட்டிப் பார்த்தேன். அப்போது அவர் மக்காச்சோளத் தவிட்டில் போட்டு உலர்வாகத் தேய்த்துக்கொண்டிருந்தார், ஒரே தூசி, கூட்டின் உள்ளே கறுப்பு அப்படியே இருக்கும். "தண்ணியில போட்டாத்தான் உள்ளயும் சுத்தமாகும், எஃகு ஊசி விக்கிறானாம், ஆனா அளவு எதுவும் எனக்குப் பிடிபடல கனி," என்றார். என் பெயர் ஜெயக்கனி. அவர் மட்டும்தான் கனி என்பார். அளவு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குள் என்னவோ எழுந்து உட்கார்ந்தது. சிட்ரிக் ஆசிட் கூடினால் பித்தளையில் துத்தநாகம் கரைந்து செம்பு தலைகாட்டும், ரோஜா நிறமாகிவிடும், குறைந்தால் கறை போகாது. சோப்பு கூடினால் வழுக்கும், ஊசி வேலை செய்யாது. நேரம் கூடினால் கூட்டின் வாய் ஒன்றோடொன்று மோதி மழுங்கும். ஒரு நோட்டுப் போட்டேன். கால் கால் ஸ்பூனாக மாற்றி மாற்றி ஆறு வாரம். கடைசியில் சரியான அளவு கிடைத்த அன்று ஒரு கூட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு, "நம்ம வீட்டுல ஒரு லேப் இருக்கு," என்று துப்பாக்கி க்ளப்பில் எல்லோரிடமும் சொன்னது. எனக்கு இந்த நாட்டில் கிடைத்த ஒரே ஆய்வகம். சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருந்ததால்தான் எதையும் யோசிக்கவில்லை என்று தோன்றுகிறது. இந்த அறையை வேறு யாரும் கட்டவில்லை, நானே ஒவ்வொரு ஸ்பூனாக அளந்து கட்டினேன்.

இரண்டு மணிக்குப் போன் வந்தது. பின்னால் டப் டப் என்று சத்தம், யாரோ சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். "சாப்பிட்டியா?" என்றார். "ஆச்சு," என்றேன். சாப்பிடவில்லை. "இன்னும் ஒரு ரவுண்டு பாக்கி. நான் வர நாலாயிரும். நீ நேரத்துக்கு நிறுத்திரு என்ன, ரொம்ப ஓடினா வாய் மழுங்கிரும்." "சரிங்க." "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" "ஒண்ணுமில்ல, இங்க வெக்கை." "ஃபேனைப் போட்டுக்கோ. கையுறை போட்டுக்கோ, மறந்துறாத." வைத்துவிட்டார். கையுறை போட்டுக்கோ. எப்போதும் சொல்வதுதான், ஒவ்வொரு தடவையும் சொல்வார், நானும் சரி சரி என்பேன், சாவியை எடுத்துக்கோ என்பது மாதிரி ஒரு பேச்சு அது. இன்றைக்கு அது காதுக்குள் போய் இறங்காமல் நின்றுகொண்டது. எப்போதிலிருந்து சொல்கிறார்?

எப்போதிலிருந்து? நீலக் கையுறைப் பெட்டி எப்போது வந்தது? அலமாரியில் இருக்கிறது, ஐம்பது ஜோடிப் பெட்டி, இது மூன்றாவதோ நான்காவதோ. முதல் பெட்டி வந்தபோது, "உனக்குக் கை வெடிச்சிருக்குல்ல, அதான்," என்றார். கை வெடித்திருந்தது உண்மை. குளிர் முடிகிற சமயம். அப்படியானால் போன வருடம் மார்ச். மார்ச் இல்லை, மார்ச்சில் நான் படுத்திருந்தேன். மார்ச் இருபத்திரண்டு, ஒன்பது வாரம், ஸ்கேன் எடுத்த பெண் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள், அவ்வளவுதான், சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகு பத்து நாள் நான் கராஜ் பக்கமே வரவில்லை. ஏப்ரல் முதல் வாரம் வந்தேன். சும்மா இருக்க முடியவில்லை, எதையாவது அளக்க வேண்டும் போலிருந்தது. வந்து பார்த்தால் கையுறைப் பெட்டி அலமாரியில் இருந்தது. அந்த வாரம்தான். அதே வாரம் அரிசிச் சல்லடையைக் காணவில்லை, கேட்டதற்கு, "உடைஞ்சிருச்சு, வேற வாங்கிட்டேன்," என்றார், கராஜுக்கென்று தனியாக ஒரு பச்சைச் சல்லடை வந்திருந்தது. அதே வாரம் குளியலறையில் ஒரு புது சோப்பு. செருப்பை வெளியே விடு என்று ஒரு பழக்கம். க்ளப்பிலிருந்து வந்தால் சட்டையைத் தனியாகத் துவைப்பது. துக்கத்தில் மனிதர்களுக்குச் சுத்தப் பைத்தியம் பிடிக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். பாவமாக இருந்தது அவரைப் பார்க்க. குழந்தை போன துக்கத்தை இப்படிக் கழுவிக் கழுவித் தீர்க்கிறார் என்று நினைத்தேன். ஏப்ரல் முதல் வாரம். ஒரு வாரத்தில் ஐந்து மாற்றம். கை வெடிப்புக்கு எதற்குச் சல்லடையை மாற்ற வேண்டும்? இல்லை, இப்படி யோசிக்கக் கூடாது, இது பாவம். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு ராத்திரி தூங்கிய மனிதர். எனக்குக் கஞ்சி வைக்கத் தெரியாமல் ஊருக்குப் போன் போட்டுக் கேட்டு வைத்த மனிதர். ஆனால் சல்லடை. சல்லடை உடையவில்லை. பிளாஸ்டிக் இல்லையே அது, எவர்சில்வர். எவர்சில்வர் சல்லடை எப்படி உடையும்?

எழுந்து போய்ச் சுவிட்சை அணைத்தேன். மணி இரண்டரை இருக்கும். சத்தம் நின்றதும் வயிற்றுக்குள் ஏதோ நின்றுபோன மாதிரி ஒரு பயம் வந்தது, மடத்தனம்தான், ஐந்து வாரத்தில் அங்கே கேட்கிறதற்கு ஒன்றுமில்லை. மறுபடி போட்டேன். ஈர மணல் குலுங்கியது. போகலாம், இந்த அறையை விட்டு வீட்டுக்குள் போகலாம், கதவு பூட்டியா இருக்கிறது? போய் என்ன செய்வது? சமையலறைத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பதா? வெளியே போகலாம். எங்கே? இந்தத் தெருவில் நடக்கிறவர்களே கிடையாது, நாயைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் தவிர. டாக்டரிடம் போகலாம். யார் கூட்டிப் போவது? மருத்துவக் காப்பீடு அவர் பெயரில், போன் அவர் கணக்கில், நான் இந்த நாட்டில் இருப்பதே அவருக்கு வேலை இருக்கிற வரைக்கும்தான், ஜனவரியில் அவர் ஆபீசில் பாதிப் பேரை வேலையிலிருந்து அனுப்பியபோது எங்கள் இரண்டு பெட்டிகளையும் பரணிலிருந்து இறக்கி வைத்து ஒரு வாரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தோம். அவரும்தான் மாட்டிக்கொண்டிருக்கிறார். அது தெரிகிறது. தெரிந்து என்ன? அவர் மாட்டிக்கொண்டிருக்கிற கூட்டுக்குள் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். மூன்று மணி ஆகிவிட்டது. நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை. மூன்று பத்து. ஓடட்டும், மழுங்கட்டும், ஐந்நூறு வாயும் மழுங்கட்டும். இந்த நான்கு வருடத்தில் நேரம் தவறி நான் ஒரு நிமிடம் விட்டதில்லை. முதல் தடவையாகத் தப்பு செய்கிறேன் என்று நினைத்தபோது கொஞ்சம் நன்றாக இருந்தது. வாந்தி வருகிற மாதிரி இருந்தது. வெக்கையாலா, அதாலா? ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து, கை இரண்டையும் எதிலும் படாமல் மடிக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டேன்.

கராஜ் கதவு முனகிக்கொண்டு மேலே ஏறியபோது முதலில் அவருடைய காரின் சக்கரம் தெரிந்தது, பிறகு விளக்கு, பிறகு கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம். மணி நான்கு அடிக்கப் பத்து நிமிடம். இறங்கினார், நெற்றியெல்லாம் வெயில். காதைச் சாய்த்து, "இன்னுமா ஓடுது?" என்றார். வேகமாக வந்து சுவிட்சை அணைத்தார். "என்ன கனி, நேரத்துக்கு நிறுத்துன்னு சொன்னேன்ல..." மூடியில் கை வைத்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "என்ன ஆச்சு?"

"போன வருஷம் ஏப்ரல்ல எதுக்குங்க கையுறை வாங்கினீங்க?"

எதைக் கேட்கிறாய் என்று அவர் கேட்டிருந்தால், எந்த ஏப்ரல் என்று கேட்டிருந்தால், கை வெடிப்பு என்று மறுபடி சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன், நம்புவதற்கு நான் அவ்வளவு தயாராக இருந்தேன். அவர் மூடியிலிருந்து கையை எடுத்தார். "க்ளப்புல ஒருத்தருக்கு ரத்தத்துல ஈயம் கூடிருச்சுன்னு எல்லாரையும் டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க," என்றார். "நானும் எடுத்தேன்."

"எவ்வளவு?"

"பத்தொம்பது."

மூன்றரை மைக்ரோகிராமுக்கு மேலே போனாலே கவனிக்க வேண்டும். அவருக்குத் தெரியுமோ என்னவோ, எனக்குத் தெரியும். "எப்ப?"

"உன்னை ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்ததுக்கு அடுத்த வாரம்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, அதாலதான் போச்சுன்னு நீ நினைப்ப."

"அதாலதானா?"

"தெரியாது கனி. சத்தியமாத் தெரியாது. நான் டாக்டர்ட்ட கேக்கவே இல்ல. கேக்கப் பயமா இருந்துச்சு."

அதுவரைக்கும் கூடப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. பயம் எனக்குப் புரியும், மத்தியானத்திலிருந்து நான் அதில்தான் உட்கார்ந்திருக்கிறேன். "சரி," என்றேன், "அதுக்கப்புறமும் ஒரு வருஷத்துக்கு மேல என்னை இதைக் கழுவ விட்டீங்களே."

அவர் டிரம்மைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வேண்டாம்னு சொன்னா, ஏன்னு கேப்ப."

அவ்வளவுதான். ஏன்னு கேப்ப. அந்த ஒரு கேள்வி வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு வருடம் கையுறை வாங்கி வாங்கி வைத்திருக்கிறார், சல்லடையை எறிந்திருக்கிறார், ஒவ்வொரு சனிக்கிழமையும் மறக்காமல் போன் போட்டு ஞாபகப்படுத்தியிருக்கிறார், அத்தனை அக்கறையும் அந்தக் கேள்வியைச் சுற்றிக் கட்டிய சுவர். எனக்குக் கத்த வரவில்லை. "எனக்கு நாள் தள்ளிருக்கு," என்றேன். "காலையில பார்த்தேன்." அவர் கை டிரம்மின் மேல் போய் ஊன்றிக்கொண்டது, நின்றுபோன டிரம் அரை அங்குலம் புரண்டது, உள்ளே தண்ணீர் சாய்ந்து அடங்குகிற சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. என் பக்கம் ஒரு அடி வைத்தார். "தொடாதீங்க," என்றேன். "க்ளப்புலேர்ந்து வந்திருக்கீங்க. கையைக் கழுவிட்டு, சட்டையை மாத்திட்டு வாங்க. ரத்தம் குடுக்கணும் எனக்கு. இப்பவே." உள்ளே ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

காரில் நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். கண்ணாடியில் இரண்டு மூன்று தடவை என்னைப் பார்த்தார், நான் வெளியே பார்த்தேன். வெளியே ஒன்றுமில்லை, புல், வேலி, புல், ஒரே மாதிரி கூரைகள். பெட்ரோல் பங்க் பக்கத்துச் சிக்னல் விளக்கில் நிற்கும்போது, "இத்தனை நாள் கையுறை போட்டுத்தானே செஞ்ச," என்றார், என்னிடம் இல்லை, ஸ்டியரிங்கிடம். எலும்பில் இருப்பதற்குக் கையுறை போட முடியாது என்று ஒரு வரி மனதில் ஓடியது, அதைச் சொன்னால் அவர் உடைந்துவிடுவார் என்று தோன்றியது, சொல்லாமல் விழுங்கினேன், விழுங்கிய பிறகுதான் உறைத்தது, நானும் அதையேதான் செய்கிறேன். "எலும்புல இருந்து வரும்," என்றேன் சத்தமாக. "முதல் ரெண்டரை வருஷம் வெறுங்கையால செஞ்சது எலும்புல இருக்கும். இப்ப குழந்தைக்கு வரும்." அவருடைய பின்கழுத்து அசையவில்லை. பின்னால் வந்த கார் ஹாரன் அடித்தது, விளக்கு எப்போதோ பச்சையாகியிருந்தது.

சனிக்கிழமையும் திறந்திருக்கிற ஒரு சின்ன மருத்துவமனை. ஊசி நரம்புக்குள் போகிறபோது நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், இரண்டு சின்னக் குழாயில் அடர்சிவப்பாக ஏறியது. அதற்குள் என்ன எண் இருக்கிறது என்று செவ்வாய்க்கிழமை சொல்வார்களாம். செவ்வாய்க்கிழமை வரைக்கும் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. நர்ஸுக்கு ஐம்பது வயது இருக்கும், அவசரமில்லாத கை, பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். பிறகு அவரைப் பார்த்து, கொஞ்சம் வெளியே இருக்க முடியுமா, இது நாங்கள் எல்லாப் பெண்களிடமும் தனியாகக் கேட்கிற கேள்வி என்றாள். அவர் என்னைப் பார்த்தார். போனார். நர்ஸ் பலகையில் இருந்த தாளைப் பார்த்து, ஆயிரம் தடவை வாசித்த குரலில், "வீட்டில் நீங்கள் பாதுகாப்பாக இருப்பதாக உணர்கிறீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பேனா ஏற்கனவே கட்டத்தின் மேல் இருந்தது. ஆமாம் என்று சொன்னால் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள், அதற்குத்தான் அந்தப் பேனா அங்கே இருந்தது. அவர் என் மேல் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. உட்கார்ந்தபடியே இரண்டு ராத்திரி. கஞ்சி. எத்தனை பெட்டிக் கையுறை. ஆமாம் என்பது வாய் வரைக்கும் வந்து நின்றது, நான்கு வருடமாக எல்லோருக்கும் சொல்லிப் பழகிய ஆமாம், அம்மாவுக்குப் போனில் சொல்கிற ஆமாம்.

"இல்லை," என்றேன்.

பேனா நின்றது. "அடிக்கிறாரா?" என்று மெதுவாகக் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். "மிரட்டுகிறாரா?" அதுவும் இல்லை. அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். பலகையை மேஜை மேல் கவிழ்த்து வைத்தாள், ஒரு நாற்காலியை இழுத்து என் முழங்காலுக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். "எனக்கு நேரம் இருக்கிறது," என்றாள். கதவுக்கு வெளியே நடைபாதையில் அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடப்பது கேட்டது. நான் பஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.